பச்சை வாந்தியா? பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள்!

என் பையனுக்கு வயிற்றில் வலது பக்கமாக ஒரு தழும்பு இருக்கிறது. குளிப்பாட்டும்போது என் கை அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் நகரும். "ஏம்மா, அங்க மட்டும் மெதுவாத் தேய்க்கிறே? எனக்குத்தான் வலிக்கலையே!" என்று அவனே கேட்பான். வலி அவனுக்கு இல்லை, எனக்குத்தான் என்று அந்தக் குழந்தையிடம் எப்படிச் சொல்ல? ஒரு நாள் மத்தியானத்திலிருந்து மறுநாள் விடியும் வரை, வீடு நிறையப் பெரியவர்கள் இருந்தும், என்ன ஏது என்று புரியாமல் நாங்கள் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருந்ததன் அடையாளம் அது. என்னைப் போல இன்னொரு தாய் தவிக்கக் கூடாது என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2019-ம் வருஷம் ஆடி மாதம். குழந்தைக்கு எட்டு மாதம். கொழுகொழுவென்று, யார் கையை நீட்டினாலும் தாவுகிற குழந்தை. முந்தின வாரம் சளியும் லேசான காய்ச்சலும் வந்து சரியாகியிருந்தது. அன்று சனிக்கிழமை. மத்தியானம் கேழ்வரகுக் கூழ் ஊட்டித் தூளியில் போட்டேன். ஒரு மணி நேரம் தூங்கியிருப்பான். திடீரென்று 'வீல்' என்று ஒரு அலறல்!

ஓடிப் போய்த் தூக்கினேன். அது சாதாரண அழுகை இல்லை. இரண்டு கால்களையும் வயிற்றோடு மடக்கிக்கொண்டு, முகம் வெளுத்துப் போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தினான். இரண்டு மூன்று நிமிஷம்தான். பிறகு சட்டென்று ஓய்ந்து, துவண்டு, என் தோளில் சாய்ந்துகொண்டான். ஏதோ கனாக் கண்டிருப்பான் என்று நினைத்தேன். கால் மணி நேரம் ஆயிற்று. மறுபடியும் அதே அலறல்!

"உரம் விழுந்திருக்கும்டி. நேத்துப் பக்கத்து வீட்டுப் பொண்ணு ஒத்தைக் கையால தூக்கினாளே, நான் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றார் என் மாமியார். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மூன்று பிள்ளைகளைப் பெற்று, ஏழெட்டுப் பேரக் குழந்தைகளைக் குளிப்பாட்டி வளர்த்தவர். அவர் சொன்னால் எனக்கு வேத வாக்கு. தெருக்கோடியிலிருந்து உரம் எடுக்கிற ஆயாவைக் கூட்டி வந்தார். பழைய பருத்திப் புடவையில் குழந்தையைப் போட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் உருட்டினார்கள். அழுகை நின்றது!

"பாத்தியா, நான் சொல்லலை?" என்றார் அத்தை. எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

இருபது நிமிஷம் கழித்து மறுபடியும் அலறல். ஓமத்தண்ணீர் கொடுத்தோம், நின்றது. மறுபடி வந்தது. வசம்பைச் சுட்டு இழைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவினோம், நின்றது. மறுபடி வந்தது. மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டோம். அதற்கும் நின்றது!

வாசகிகளே, இங்கேதான் கொஞ்சம் கவனியுங்கள். ஒவ்வொரு வைத்தியத்துக்கும் அழுகை நின்றதே, அதுதான் எங்களை ஏமாற்றியது. அந்த வலியின் குணமே விட்டு விட்டு வருவது. நாங்கள் எதைச் செய்திருந்தாலும் நின்றிருக்கும். ஒன்றும் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் நின்றிருக்கும். பிறகு மறுபடி வந்திருக்கும். இது அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

சாயங்காலம் குடித்த பாலை வாந்தி எடுத்தான். "மாந்தம்தான், வயித்தைக் கழுவிட்டாச் சரியாப் போயிடும்" என்று ஒரு சங்கு விளக்கெண்ணெய் உள்ளே போயிற்று. அதையும் கக்கினான். ராத்திரி எட்டரை மணிக்குத் துணியில் சளியும் ரத்தமுமாக மலம் போயிற்று. பயந்துபோய் எங்கள் ஊர் டாக்டரிடம் ஓடினோம். கூட்டமான கூட்டம். "ரத்தமும் சளியுமாப் போறான்" என்று சொன்னேன். சீதபேதி என்று மருந்து எழுதிக் கொடுத்தார். வயிற்றில் கை வைத்துப் பார்க்கவில்லை. ஆனால் முழுக் குற்றத்தையும் அவர் மேல் போடவும் எனக்கு மனசு இல்லை. மத்தியானத்திலிருந்து கால் மணிக்கு ஒரு தரம் அலறுகிறான் என்பதை நானும்தான் சொல்ல மறந்தேன்!

நடு ராத்திரியில் வாந்தியின் நிறம் மாறியது. கொத்தமல்லித் துவையலைக் கரைத்த மாதிரிப் பச்சை. அதற்குப் பிறகு அவன் அழவே இல்லை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு துவண்டு கிடந்தான். 'அப்பாடா, மருந்து வேலை செய்கிறது, தூங்குகிறான்' என்று நானும் பக்கத்தில் படுத்துக் கண்ணயர்ந்தேன். நான் செய்த தப்புகளிலேயே பெரிய தப்பு அதுதான்.

விடியற்காலையில் வாசல் தெளிக்க வந்தபோது, எதிர்வீட்டு அக்கா கொடியில் கிடந்த துணியைப் பார்த்தார். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். "என்னடி இது, பச்சைக் கறை?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்து குழந்தையைத் தொட்டுப் பார்த்தவர், திரும்பி என் கணவரிடம் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "தம்பி, காரைக் கூப்பிடு. குழந்தைங்களுக்கு ஆபரேஷன் செய்யற டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே!"

வட்டத்துக்குள் வட்டம்

ஒன்றரை மணி நேரப் பிரயாணம். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குழந்தையின் வயிற்றை மெதுவாக அழுத்திப் பார்த்தார். "இங்க கை வைங்க" என்று என் விரல்களைப் பிடித்து வைத்தார். வலது விலாவுக்குக் கீழே முருங்கைக்காய்த் துண்டு மாதிரி ஏதோ ஒன்று தட்டுப்பட்டது. பிறகு ஸ்கேன். திரையில் வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினால் தெரியுமே, அதுபோல வட்டத்துக்குள் வட்டம்.

"குடல் செருகல். குடலுக்குள்ளே குடல் போய் மாட்டிக்கிட்டிருக்கு" என்றார்.

நான் விழித்தேன். அவர் என் சுடிதாரின் கையைப் பிடித்துக் காட்டினார். "இந்தத் துணியை உள்பக்கமாகப் பாதி இழுத்தா எப்படி மடிஞ்சு உள்ளே போகும்? அதே மாதிரிதான். உள்ளே போன குடல் தன்னோட ரத்தக் குழாயையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் போகும். முதல்ல ரத்தம் திரும்பி வர வழியில்லாம குடல் வீங்கும். அப்போ சளியும் ரத்தமும் கசிஞ்சு, சிவப்பு ஜாம் மாதிரி வெளியே வரும். அதைத்தான் சீதபேதின்னு நினைச்சிருக்கீங்க. இன்னும் நேரம் ஆச்சுன்னா ரத்தம் உள்ளே போகிற வழியும் அடைச்சு, அந்தத் துண்டு அழுகிடும்."

குளூகோஸ் ஏற்றினார்கள். மூக்கு வழியாக ஒரு குழாயை வயிற்றுக்குள் விட்டு, தேங்கியிருந்த பச்சைத் தண்ணீரை வெளியே எடுத்தார்கள். பிறகு ஆசனவாய் வழியாக உப்பு நீரை அளவான அழுத்தத்தில் செலுத்தி, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே குடலைப் பின்னுக்குத் தள்ள முயன்றார்கள். சில ஆஸ்பத்திரிகளில் தண்ணீருக்குப் பதில் காற்றைச் செலுத்துவார்களாம். சீக்கிரம் வந்துவிட்ட குழந்தைகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இதிலேயே சரியாகி, கத்தி படாமல் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

எங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. இரண்டு தரம் முயன்றும் குடல் விடுபடவில்லை. ஆபரேஷன் என்றார்கள். என் கணவர் கையெழுத்துப் போடும்போது பேனா நடுங்கியதைப் பார்த்தேன்.

வராந்தாவில் அத்தை தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "என் கையாலதானே விளக்கெண்ணெய் ஊத்தினேன், என் கையாலதானே ஊத்தினேன்..." என்று ஒரே அரற்றல். ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டரம்மா அவர் பக்கத்தில் குனிந்தார்: "பாட்டி, நீங்க எண்ணெய் ஊத்தினதால குடல் செருகலை. அது மத்தியானமே செருகியாச்சு. நேரம் போனதுதான் தப்பு. அதுல எல்லாருக்கும் பங்கு இருக்கு. பேரன் பிழைச்சுட்டான், எழுந்திருங்க."

ஐந்து அங்குலக் குடலை வெட்டி எடுத்து, நல்ல முனைகளைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். "நேத்து சாயங்காலம் வந்திருந்தா அநேகமா ஆபரேஷனே வேண்டியிருக்காது" என்று அவர் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

ஏன் வருகிறது?

ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். டாக்டரம்மா தினமும் ரவுண்டு வரும்போது ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். "நான் கேழ்வரகு கொடுத்ததாலயா டாக்டர்? மாவு சரியா வேகலையா?" என்றுதான் முதலில் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "எல்லா அம்மாவும் இதைத்தான் கேக்கறாங்க. சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை."

பிறந்த குழந்தைக்கே சிறுகுடல் ஏறக்குறைய இரண்டரை மீட்டர் நீளம் இருக்குமாம். கிட்டத்தட்ட அரைப் புடவை! அது உணவைத் தள்ளுவதற்காக ஓயாமல் சுருங்கி விரிந்துகொண்டே இருக்கிறது. சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்தால் கழுத்தில் நெறி கட்டுகிறதல்லவா? குடல் சுவரிலும் அதே மாதிரிச் சிறு நெறிகள் இருக்கின்றன, அவையும் வீங்கும். வீங்கிய அந்த மேட்டைக் குடல் உணவுக் கட்டி என்று நினைத்துக்கொண்டு முன்னுக்குத் தள்ளும்போது, அந்தப் பாகம் அடுத்த பாகத்துக்குள் செருகிக்கொள்கிறது. பெரும்பாலும் சிறுகுடல் பெருங்குடலோடு சேர்கிற இடத்தில்தான் இது நடக்கிறது. மூன்று மாதம் முதல் மூன்று வயதுக்குள்தான் அதிகம். அதிலும் ஐந்து மாதம் முதல் ஒன்பது மாதத்துக்குள் மிக அதிகம். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்குச் சற்று அதிகமாக வருகிறது. நல்ல புஷ்டியான, ஆரோக்கியமான குழந்தைக்கும் வரும். பெரிய குழந்தைகளுக்கு வந்தால் குடலில் கட்டியோ, பிறவியிலேயே வந்த சிறு பையோ இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பார்கள்.

இந்த நோய்க்கு ஒரு சரித்திரமே உண்டு. 1871-ல் லண்டனில் ஜொனாதன் ஹட்சின்சன் என்ற சர்ஜன், இரண்டு வயதுப் பெண் குழந்தைக்குக் குடல் செருகலை ஆபரேஷன் செய்து காப்பாற்றினார். 1876-ல் டென்மார்க் நாட்டுக் குழந்தை மருத்துவர் ஹெரால்ட் ஹிர்ஷ்ஸ்பிரங், எனிமா நீரின் அழுத்தத்தாலேயே செருகலைத் தள்ளிச் சரிசெய்யலாம் என்று எழுதினார். ஸ்கேன் இல்லாத அந்தக் காலத்தில்! அடிப்படையில் அதே முறைதான் இன்றைக்கும்.

அடைப்பு ஒன்று, காரணம் பல

குழந்தைகளின் குடல் அடைப்புக்குச் செருகல் ஒன்றுதான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். வயதுக்கு வயது காரணம் மாறுகிறது.

*பிறந்த உடனே:* குழந்தைக்கு ஆசனத் துவாரம் சரியாக இருக்கிறதா என்று முதல் நாளே பார்க்க வேண்டும். சில குழந்தைகளுக்குத் துவாரமே இல்லாமலோ, வேறு இடத்திலோ இருக்கும். சில குழந்தைகளுக்குக் குடலில் ஓரிடம் வழியே இல்லாமல் மூடியிருக்கும். தாய்ப்பாலைத் தொட்ட முதல் நாளே பச்சையாக வாந்தி எடுக்கும்.

பிறந்ததும் போகிற கரும்பச்சை மலம் 24 மணி நேரத்துக்குள் போய்விட வேண்டும். 48 மணி நேரம் ஆகியும் போகாமல் வயிறு உப்பிக்கொண்டே வந்தால், குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு அணுக்கள் இல்லாத பிறவிக் கோளாறாக இருக்கலாம். அந்தப் பகுதி விரிந்து கொடுக்காது. மலம் அதற்கு மேலேயே தேங்கும். எனிமா முறையை எழுதினாரே அதே ஹிர்ஷ்ஸ்பிரங், அவர்தான் 1886-ல் இதையும் விவரித்தார். அவர் பெயராலேயே இந்த நோயை அழைக்கிறார்கள். ஏறக்குறைய ஐயாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. ஆபரேஷனால் சரி செய்ய முடியும். தினமும் வெற்றிலைக் காம்பை எண்ணெயில் தோய்த்து வைத்து வைத்து மலம் கழிக்க வைக்கிறார்களே, அப்படிப் பிறந்ததிலிருந்தே மலச்சிக்கல் உள்ள குழந்தையை ஒரு தரமாவது டாக்டரிடம் காட்டுங்கள்.

*முதல் மாதம்:* கருவில் இருக்கும்போதே குடல் ஒரு சுற்றுச் சுற்றித் தன் இடத்தில் சரியாக அமர வேண்டும். சில குழந்தைகளுக்கு அப்படி அமர்வதில்லை. அந்தக் குடல் ஈரத் துணியைப் பிழிவது போல முறுக்கிக்கொண்டால், சில மணி நேரத்தில் சிறுகுடல் பெரும்பாலும் செத்துவிடும். நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த பச்சைக் குழந்தை திடீரென்று பச்சையாக வாந்தி எடுத்தால், வயிறு உப்பாமல் இருந்தாலும்கூடக் காத்திருக்கவே கூடாது.

இரண்டு மூன்று வாரக் குழந்தை பாலை மட்டும், பச்சை நிறம் இல்லாமல், பீச்சாங்குழலிலிருந்து வருவது போல எதிர்ச் சுவர் வரை வாந்தி எடுத்து, உடனே மறுபடி பசியோடு அழுதால், அது இரைப்பையின் வாய் தடித்துச் சுருங்குகிற வேறொரு கோளாறு. அதற்கும் சிறிய ஆபரேஷன் உண்டு.

*எந்த வயதிலும்:* தொடை இடுக்கிலோ விதைப்பையிலோ, அழும்போது புடைத்துப் பிறகு உள்ளே போகிற வீக்கம் இருக்கிறதா? அது குடலிறக்கம். குறை மாதக் குழந்தைகளுக்கு அதிகம். "வளர வளரச் சரியாப் போயிடும்" என்று விடாதீர்கள். அது தானாகச் சரியாவதில்லை. ஒரு நாள் வீக்கம் உள்ளே போகாமல் கெட்டிப்பட்டு, சிவந்து, குழந்தை அழுது வாந்தி எடுத்தால், குடல் அங்கே மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். முன்னாலேயே நாள் பார்த்து ஆபரேஷன் செய்துகொண்டால் இந்த ஆபத்து வராது.

*ஓடியாடும் வயதில்:* நாக்குப் பூச்சி பந்து பந்தாகச் சேர்ந்து குடலை அடைத்துக்கொள்வது உண்டு. 2015-லிருந்து நம் நாட்டில் தேசிய குடற்புழு நீக்க நாள் கொண்டாடி, ஒன்று முதல் பத்தொன்பது வயது வரை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் மாத்திரை கொடுக்கிறார்கள். தவறாமல் கொடுங்கள். ஆனால் வயிறு உப்பி வாந்தி எடுக்கிற குழந்தைக்கு நீங்களாகப் பூச்சி மாத்திரை கொடுக்கக் கூடாது. அந்த நேரத்தில் அது விபரீதமாகலாம்.

விழுங்குகிற சாமான்களும் காரணமாகின்றன. பொம்மையில் இருக்கிற சிறு காந்தங்களில் இரண்டை விழுங்கினால், அவை குடலின் இரு வேறு மடிப்புகளில் இருந்துகொண்டு ஒன்றையொன்று இழுத்து, நடுவே உள்ள குடல் சுவரை ஓட்டை போட்டுவிடும். தண்ணீரில் போட்டால் ஊதிப் பெரிதாகும் வண்ண வண்ண ஜெல்லி மணிகள் இருக்கின்றனவே, அவை வயிற்றுக்குள் போனாலும் அதேபோல ஊதும்! கைக்குழந்தை உள்ள வீட்டில் அவை வேண்டவே வேண்டாம். கடிகாரப் பொத்தான் பாட்டரியை விழுங்கினால் அடைப்புக்குக் கூடக் காத்திராமல் தொண்டைக் குழாயையே அரித்துவிடும். உடனே ஓட வேண்டியதுதான். சில பெண் குழந்தைகளுக்குத் தன் முடியையே பிடுங்கித் தின்கிற பழக்கம் இருக்கும். அது இரைப்பையில் பந்தாகச் சேர்ந்துவிடும். மண்டையில் திட்டுத் திட்டாக முடி குறைந்திருந்தால் கவனியுங்கள், திட்டாதீர்கள்.

*ஒரு தரம் வயிற்றில் ஆபரேஷன் ஆன குழந்தைக்கு:* உள்ளே தழும்புத் திசுக்கள் நூல் போலக் குடலோடு ஒட்டிக்கொண்டு, மாதங்களோ வருஷங்களோ கழித்துக்கூட அடைப்பை உண்டாக்கலாம். எங்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சொட்டு மருந்து பற்றி ஒரு வார்த்தை

ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து கொடுத்தால் குடல் செருகிக்கொள்ளும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். டாக்டரம்மாவிடம் கேட்டேன். 1998-ல் அமெரிக்காவில் வந்த ஒரு மருந்தால் அப்படி நேர்ந்தது உண்மைதான். 1999-லேயே அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது இருப்பவை வேறு மருந்துகள். இவற்றிலும் சில நாடுகளில் லட்சம் குழந்தைகளில் ஒன்று முதல் ஐந்து பேருக்கு அந்த ஆபத்து கூடுவதாகக் கண்டிருக்கிறார்கள். ஆனால் ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கால் வரும் ஆபத்து அதைவிடப் பல மடங்கு அதிகம். அதனால்தான் 2016 முதல் நம் நாட்டு அரசாங்கத் தடுப்பூசித் திட்டத்தில் இதைச் சேர்த்திருக்கிறார்கள். ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் கொடுக்கிறார்கள். தள்ளிப் போடாமல் அந்தந்த வாரத்தில் கொடுத்துவிடுங்கள். கொடுத்த பிறகு ஒரு வாரம், குழந்தை விட்டு விட்டு அலறினாலோ வாந்தி எடுத்தாலோ கவனியுங்கள். அவ்வளவுதான்.

மறக்கக் கூடாதவை

குடல் அடைப்புக்கு முக்கியமான அடையாளங்கள் நான்கு: வாந்தி, விட்டு விட்டு வரும் வலி, வயிறு உப்புதல், மலமும் காற்றும் போகாதிருத்தல். நான்கும் ஒன்றாக வரும் என்று காத்திருக்காதீர்கள். என் பையனுக்கு மலம் போய்க்கொண்டுதான் இருந்தது! அடைப்புக்குக் கீழே ஏற்கெனவே இருந்தது வெளியே வரும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

கைக்குழந்தையின் வாந்தி இலைப் பச்சையாக இருந்தால், வேறு காரணம் தெரியும் வரை அது குடல் அடைப்புதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்றை மட்டுமாவது மனசில் எழுதிக்கொள்ளுங்கள்.

கத்திக்கொண்டிருந்த குழந்தை அடங்கி, பால் குடிக்காமல், விளையாடாமல், கூப்பிட்டால் திரும்பாமல் கிடந்தால் அது தூக்கம் இல்லை. மயக்கம்.

விளக்கெண்ணெய், பேதி மருந்து, சோப்புத் துண்டு, வெற்றிலைக் காம்பு எதுவும் அப்போது கூடாது. குடல் ஏறிவிட்டது என்று வயிற்றைத் தேய்ப்பதும், தொக்கம் எடுப்பதும், உரம் எடுப்பதும் கூடாது. பச்சையாக வாந்தி எடுத்தால் வாய் வழியாக எதையும் கொடுக்காமல் கிளம்புங்கள். வண்டி இல்லாவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். முடிந்தவரை குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்யும் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் பலவற்றிலும், சென்னை எழும்பூர்க் குழந்தைகள் நல மருத்துவமனையிலும் அதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது.

வாந்தி பட்ட துணியையும் மலம் பட்ட துணியையும் துவைத்துவிடாதீர்கள். ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். செல்போன் இருந்தால் அலறும்போது ஒரு நிமிஷம் படம் எடுத்து வையுங்கள். டாக்டர் பார்க்கிற நேரத்தில் குழந்தை அமைதியாக இருக்கும். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தரம் வருகிறது, கடைசியாக எப்போது மலம் போயிற்று என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் சொல்லத் தவறியது இதைத்தான்.

அத்தை எழுப்பினார்

2021 பொங்கல் கழிந்து பத்து நாள் இருக்கும். பையனுக்கு இரண்டு வயது தாண்டியிருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு என் அறைக் கதவு தடதடவென்று தட்டப்பட்டது. அன்று குழந்தை அத்தையோடு படுத்திருந்தான். கதவைத் திறந்தால், அத்தை ஒரு கையில் குழந்தையும் மறு கையில் ஒரு துண்டுமாக நின்றார். அந்தத் துண்டை விளக்கு வெளிச்சத்தில் விரித்துக் காட்டினார். பச்சை!

"ஒரு தடவைதான் எடுத்தான். நான் ஒண்ணும் கொடுக்கலை, ஒரு வாய் வெந்நீர்கூடக் கொடுக்கலை. வண்டியை எடுக்கச் சொல்லுடி" என்றார்.

நான்கு மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்தோம். பழைய தழும்பில் குடல் ஒட்டிக்கொண்டு பாதி அடைத்திருக்கிறது என்றார்கள். மூக்கில் குழாய், கையில் குளூகோஸ், வாய்க்கு ஒன்றும் இல்லை. இரண்டு நாள் அப்படியே வைத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் காலையில் தானாக மலம் போயிற்று. கத்தி படாமலே வீடு திரும்பினோம். "நல்ல நேரத்துல வந்தீங்க" என்று அதே டாக்டரம்மா சொன்னபோது, நான் அத்தையைக் கையைக் காட்டினேன். அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது பையன் பள்ளிக்கூடம் போகிறான். அத்தையின் வசம்பும் ஓமமும் அஞ்சறைப் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. லேசான வயிற்றுப் பொருமலுக்கு இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஓமத்தண்ணீர்தான். ஆனால் தெருவில் எந்தக் குழந்தை அழுதாலும் உரம் எடுக்கிற ஆயாவைக் கூப்பிடுவதற்கு முன்னால், அத்தை போய் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வருகிறார்:

"வாந்தி எடுத்தானா? என்ன நிறம்?"